ஓரத்தில் எழுதியது

நீடாமங்கலம் கேட் மூடிவிட்டது.
நெல்மூட்டை ஏற்றிய சரக்கு ரயில்
போவதா திரும்புவதா என்று முடிவெடுக்காமல்
முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருக்கிறது.
ஸ்கூட்டியின் முன்கூடையில்
பிரஷர் கருவி, மாத்திரை அட்டைகள்,
புதிதாக வந்த நான்கு பக்கப் படிவம்.
இன்றைக்கு ஒன்பது வீடு.
எனக்கு மூன்று மாத ஊக்கத்தொகை பாக்கி.

கோரையாற்றுக் கரையோரம், வீடு பதினேழு.
தையல்நாயகி, எழுபத்தெட்டு, தனியாள்.
தட்டியதிலிருந்து கதவு திறக்கும்வரை
மனசுக்குள் எண்ணுவது என் வழக்கம்.
போன மாதம் நூறு.
இன்று நூற்று நாற்பது.

வாரம் ரெண்டு தடவை வீட்டுக்கே ஆள் வரும்,
முக்கால்வாசி அரசாங்கம் கொடுக்கும்,
நீங்க கொடுக்க வேண்டியது நாற்பது ரூபாய்தான் என்றேன்.
"வந்து?"
கூட்டுவாங்க, துவைப்பாங்க, கடைக்குப் போவாங்க.
"அப்புறம்?"
போயிடுவாங்க.
"போயிடுவாங்கல்ல. அப்ப சரி."

தானே குளிக்கிறாரா?
"குளிக்கிறேன்."
தானே சமைக்கிறாரா?
"என்ன வேணும் சொல்லு, ஆக்கித் தர்றேன்."
தானே நடக்கிறாரா?
"கதவ யாரு தொறந்தா?"

பத்து மதிப்பெண் வந்தால் ஆள் வரும்.
அவருக்கு வந்தது இரண்டு.
அதுவும் வயதுக்காக.

டீ போட அவர் உள்ளே போன நேரத்தில்
ஆம்களையெல்லாம் இல்லை ஆக்கினேன்.
பேனாவுக்கு ஒன்றும் வலிக்கவில்லை.

டம்ளரை வைத்துவிட்டு
கண்ணாடியைத் தேடி மாட்டினார்.
"குடு. படிக்காம கையெழுத்துப் போடமாட்டேன்."
முப்பத்தொரு வருடம்
சத்துணவுக் கூடத்தில் பதிவேடு பார்த்த கண்.
நான் டீயை ஊதிக்கொண்டே இருந்தேன்.

"நானும் எழுதுனவதான்டி.
வராத புள்ளைய வந்ததா எழுதி
வந்த புள்ளைக்கு ரெண்டாங் கரண்டி போட்டிருக்கேன்.
அது சோத்துக் கணக்கு.
குளிக்க முடியாதவன்னு எம் பேருக்கு நேரா எழுதுனா
எங்கயோ ஒரு ஆபீசுல
எவனோ ஒருத்தன் படிப்பான்ல."

அடித்துத் திருத்தினேன்.
ஒவ்வொரு அடித்தலுக்கும் பக்கத்தில்
சுருக்கெழுத்துப் போடச் சொன்னார்.
போட்டேன்.

"முடியாததும் இருக்கு.
அத நீ கேக்கவே இல்லியே."

மாத்திரை அட்டை.
அழுத்தினால் அட்டைதான் வளைகிறது.
அரிவாள்மணையில் வைத்து அறுக்கிறார்,
பாதி மருந்து தூளாகிப் பலகையோடு போகிறது.
வலது கை தோளுக்கு மேல் ஏறாது.
கொடிக்கு எட்டாமல் புடவை நாற்காலியில் காய்ந்து நாறுகிறது,
அதனால்தான் இந்த நைட்டி,
ஆசைப்பட்டு இல்லை.
பிறகு சற்று நேரம் பேசவில்லை.
பிறகு, கால் நகம்.
குனிந்தால் தலை சுற்றுகிறது. நான்கு மாதம் ஆயிற்று.

படிவத்தில் நகத்துக்குக் கட்டம் இல்லை.
அட்டைக்கும் கொடிக்கும் இல்லை.
ஓரத்தில் எழுதினேன், பொடிப்பொடியாக,
மேலிருந்து கீழாக, பக்கத்தைச் சாய்த்து.
ராத்திரி இதையெல்லாம் செல்போனில் ஏற்ற வேண்டும்.
செல்போனில் ஓரம் கிடையாது.
அதை அவரிடம் சொல்லவில்லை.

என் சாவிக்கொத்தில் ஒரு நகவெட்டி தொங்கும்.
காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.
அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.
"ஆத்துல தண்ணி வந்துட்டுது, பாத்தியா?"
"பாத்தேன்."
பார்க்கவில்லை. ரயிலைத்தான் பார்த்தேன்.

பெருவிரல் நகம் டக்கென்று தெறித்தது.
"விட்டுறாத, சக்கரக் காலு.
குத்துனா ஆறாது."
மண்டியிட்டுத் தரையைத் தடவினேன்.
அவர் கட்டிலில் இருந்தபடி
அங்க, இல்ல, பீரோவுக்கடியில என்று திசை சொன்னார்.
கிடைக்கவில்லை.
துடைப்பத்தை எடுத்தேன்.
"அது உன் வேலை இல்ல" என்றார்.
நகம் தேடுறேன் என்றேன்.

ஒரு நகத்துக்காக
வீடு முழுவதையும் கூட்ட வேண்டியிருந்தது.

பதிவேட்டில்:
வீடு பதினேழு.
அழுத்தம் நூற்றைம்பதுக்குத் தொண்ணூறு.
மாத்திரை முப்பது, பிரித்து டப்பாவில் போடப்பட்டது.
நேரம், பத்து நிமிடம்.

திரும்பும்போதும் கேட் மூடியிருந்தது.